மாலுமிக்கு வாய் மட்டும்

2024 அக்டோபர் 8, செவ்வாய், காலை 7.40. டப்ளின்.

மொத்தக் காட்சிகள் ஏழு. முடிந்தவை மூன்று. நான் மேடையேறியவை பூஜ்யம்.

மாற்றுப் பாடகன் வேலை இவ்வளவுதான்: இந்த ஆபராவில், அதாவது இசை நாடகத்தில், மாலுமி வேடத்தில் பாடும் கெரைன்ட்டுக்கு ஏதாவது ஆனால் நான் பாடவேண்டும். அதுவரை அரங்கிலிருந்து அரை மணி நேரத் தொலைவைத் தாண்டக்கூடாது. கெரைன்ட் வேல்ஸ்காரன். எருமை ஆரோக்கியம். நேற்று கொட்டும் மழையில் தொப்பியில்லாமல், கையில் ஐஸ்கிரீமோடு வந்தான்.

"என்ன ஃபின்பார், எனக்கு இன்னும் சளி பிடிக்கலையேன்னு கவலையா?"

ஆமாம் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 9

எங்கள் ஊர் மேக்ரூமிலிருந்து அப்பா போன். அங்கே பண்ணைகளில் பால் குளிரூட்டும் தொட்டிகள் பழுதாம்.

"ரிப்பேர் தெரிஞ்சவன் டப்ளின்ல சும்மா உக்காந்திருக்கான்னு மேக்ரூம் பூரா பேச்சுடா."

"சும்மா இல்லப்பா. காத்திருக்கேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நாலு வருஷம் குளிர்சாதனத் தொழில் படித்தவன் நான். கம்ப்ரெசர் ஓடவில்லையா, எங்கே கோளாறு என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் எங்கே கோளாறு? அவர் இதுவரை ஒரு தடவைகூட அரங்கில் உட்கார்ந்து என்னைக் கேட்டதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடியதெல்லாம் அவர் கணக்கில் வராது. "நீ தனியாப் பாடுற அன்னைக்குச் சொல்லு, வர்றேன்" என்பார். அந்த ஒரு நாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை நான்.

அக்டோபர் 10

நாலாவது காட்சி. கெரைன்ட் அற்புதமாகப் பாடினான். சனியன்.

அக்டோபர் 12, சனி

மாற்றுப் பாடகர்களுக்கு மட்டும் ஒத்திகை. பியானோ வாசிக்கும் டெர்வ்லா ஆரம்பத்திலேயே சொன்னாள்: "அரைக்குரல் போதும். உச்சத்தையெல்லாம் கீழ் ஸ்தாயில தொட்டுட்டுப் போ. நாளைக்கு மதியக் காட்சி இருக்கு." ஒத்திகையில் எல்லோரும் அப்படித்தான் குரலைச் சேமிப்பார்கள்.

ஆனால் ஏழாவது வரிசையில் ஹார்ட்விக் உட்கார்ந்திருந்தார். ஜெர்மன் அரங்குகளுக்குப் பாடகர்களைத் தேடிக் கொடுப்பவர். இன்று மாலை விமானம் ஏறுகிறவர். அரைக்குரலைக் கேட்டு அவர் என்ன செய்வார்?

முழுக்குரலில் பாடினேன். இரண்டு நாளாகத் தொண்டையில் கரகரப்பு வேறு. ஆனாலும் பாடினேன். கடைசி அங்கத்தை இரண்டு தடவை.

டெர்வ்லா பியானோவை மூடினாள். "ஒரே ஒரு ஆளுக்காகவா இப்படிக் கத்தினே? மடையா."

அக்டோபர் 13, ஞாயிறு

காலை 9.15 — கெரைன்ட்டுக்குக் காய்ச்சல், வாந்தி. கெட்டுப்போன மட்டிச் சிப்பி தின்றானாம். இன்று நான்! உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டார். மூன்றரை மணி நேர ஓட்டம்.

9.50 — மேல் ஸ்வரம் வரவில்லை. காற்றுதான் வருகிறது. மறுபடி. இல்லை. மறுபடி — இல்லை. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். அவரைத் திரும்பிப் போகச் சொல்லவா? எப்படிச் சொல்ல?

அக்டோபர் 14

நேற்று மான்செஸ்டரிலிருந்து ஒருவனை விமானத்தில் வரவழைத்தார்கள். அவனுக்குப் பாட்டுத் தெரியும், மேடையில் எங்கே நிற்பது, எப்போது நகர்வது தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும், குரல் இல்லை. ஆகவே அவன் மேடை ஓரத்தில் இசைப் பிரதியோடு நின்று பாடினான். நான் மாலுமி உடையில் நடந்தேன், அழுதேன், செத்தேன் — வாயை மட்டும் அசைத்துக்கொண்டு.

எனக்குள்ளிருந்து வரவேண்டியது எட்டு மீட்டர் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அவன் நன்றாகப் பாடித் தொலைத்தான். முதல் அங்கத்தில் நான் மூச்செடுக்கும் இடம் வேறு, அவன் எடுக்கும் இடம் வேறு. கடைசி அங்கத்தில் அவன் மூச்சைத்தான் நான் எடுத்தேன்.

பின்வாசலில் அப்பா. சாவு வீடுகளுக்குப் போடும் கோட்டு.

"ஆள் நீ. குரல் அவனுது."

"ஆமா." கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"உன்னுது எங்கடா?"

"நேத்து ஒத்திகையில பாடித் தீத்துட்டேன்."

"யாரு கேட்டா?"

"ஒரு ஜெர்மன்காரர். பியானோக்காரி."

கார் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நேத்தும் வேலையில்லைதான்" என்றார்.

அக்டோபர் 16

தொண்டை வீங்கியிருக்கிறது, காயமில்லை என்றார் மருத்துவர். கெரைன்ட் எழுந்துவிட்டான், மிச்சக் காட்சிகள் அவனுக்கு. ஹார்ட்விக் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்: ஜெர்மனியில் பிரெமன் நகர அரங்கில் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு ஆள் தேடுகிறார்கள், ஜனவரி 20 குரல் தேர்வு, "சனிக்கிழமை பாடியதுபோலவே பாடுங்கள்."

மூன்று தடவை படித்தேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை.

இனிச் செய்யவேண்டியவை:

1. பத்து நாள் வாய் திறக்கக்கூடாது. யாரிடமும்.

2. ஹார்ட்விக்குக்குச் சம்மதம் என்று எழுதவேண்டும். இன்றே.

3. அப்பாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா? எழுதித்தான் கேட்கமுடியும். கேள்.

4. தேர்வறைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட அனுமதி உண்டா என்று பிரெமனில் விசாரி.