வேம்புலி தேய்த்துக் கொடுத்த தாள்

11 ஜூன் 1991
அப்பா பாக்டரிக்குப் போன பிறகு வேம்புலி வந்தார். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். எங்கள் ஸ்கூட்டரையும் அவர்தான் பார்க்கிறார். கொரட்டூர் வீரராகவன் சாருடைய முப்பத்தைந்து வருஷத்து இங்கிலாந்து பைக்கை ஓட வைத்துவிட்டார். ஸ்பீடோமீட்டர் டிரைவ் ஒன்றுதான் பாக்கி. பின்சக்கரத்தோடு சுற்றி, கேபிள் வழியாக மீட்டர் முள்ளை நகர்த்தும் சின்னப் பெட்டி. புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் மூன்று வாரம் அலைந்தும் கிடைக்கவில்லை. இங்கிலாந்துக் கடை ஒன்றுக்கு எழுத வேண்டுமாம்.

“எம்மா, நீ இங்கிலீஷ் எம்.ஏ. பட்ச்சிகினு கீறே. ஒரு லெட்டர் எய்தி நீயே போட்டுடு. இத்தையும் உள்ள வெச்சிடு, மறந்துடாத.”

தேய்ந்துபோன பழைய டிரைவின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் சுற்றும் என்று ஓர் அம்பு. ஓரத்தில் ஆயில் கறையாக அவர் கட்டைவிரல்.

12 ஜூன்
நான்கு முறை எழுதினேன். நல்ல கடிதம். படித்துப் படித்து எனக்கே பெருமை.

தாளை வைக்கவில்லை. அந்தக் கறையைப் பார்க்கிற வெள்ளைக்காரன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? பைக்கின் பெயர், வருஷம், எல்லாம் எழுதியிருக்கிறேனே. போதாதா?

2 செப்டம்பர்
பார்சல் வந்துவிட்டதாம். வேம்புலி பிரித்து, தெருவுக்கே காட்டினாராம்.

8 செப்டம்பர்
ஸ்கூட்டர் எடுக்கப் போனபோது டிரைவை மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மைல் எண்கள் பின்னோக்கி ஓடின. அந்த பைக்குக்கு இரண்டு வகை டிரைவ் உண்டாம். வந்தது எதிர்ப்பக்கம் சுற்றுவது.

அம்பு.

வீரராகவன் சார் நாலு பேர் முன்னால் கத்தினார். “எந்தப் பக்கம் சுத்தும்னுகூடத் தெரியாமலாய்யா இத்தனை நாள் வண்டியைப் பிரிச்சுப் போட்டே? ஜனவரில பழைய வண்டி ஊர்வலத்துக்கு இதையா கொண்டுபோறது? மவுண்ட் ரோட் ஒர்க் ஷாப்ல கொடுத்துக்கறேன், விடு!”

“நான்தான் அம்பை மாத்திப் போட்டுக்கீறேன் போல, சார்.” பிறகு வேம்புலி என்னைப் பார்த்தார். “நீ இன்னாம்மா பண்ணுவே? நான் குட்த்ததைத்தானே அனுப்புனே.”

தலையாட்டினேன். தலையாட்டினேனே! வாயைத் திறந்தா என்ன செத்தா போயிடுவேன்?

9 செப்டம்பர்
தாள் இந்த நோட்டின் பின்னட்டைக்குள்தான் இருக்கிறது. அம்பு சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

13 செப்டம்பர்
பைக்கை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேம்புலியின் மனைவி நாகவல்லி அக்காவை ரேஷன் கடையில் பார்த்தேன். “உக்காந்தா அம்பு, எய்ந்தா அம்பு. பொடிப்பசங்க மாரி காலண்டர்ல எல்லாம் வரைஞ்சி வெச்சிக்கீது. ‘எப்டிடி மாறும், எப்டிடி மாறும்’னு என் உசுர வாங்குது” என்றாள். சிரித்தாள்கூட. நானும் சிரித்தேன்.

கதைகளில் வரும் கோழைகளை எத்தனை சுலபமாக வெறுத்திருக்கிறேன். பக்க ஓரத்தில் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

15 செப்டம்பர்
வேம்புலியிடம் சொல்லிவிட்டேன். தாளை நீட்டினேன். அம்பின் மேல் விரலை வைத்து அது போகிற பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“கரெக்டாத்தான் போட்டுக்கீறேன்.” பிறகு, “ஏம்மா வெக்கல?”

அழுக்காக இருந்தது என்றேன். பொய் எதுவும் வரவில்லை.

தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

“எங்கிட்ட சொல்லிட்டே, செரி. அந்தாளாண்ட யார் சொல்றது?”

16 செப்டம்பர்
கொரட்டூர் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். வீரராகவன் சார் முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி மனைவியிடம், “படிச்ச பொண்ணாம்” என்றார். அவ்வளவுதான். பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரயிலில் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன்.

19 செப்டம்பர்
ஒன்றும் படிக்க ஓடவில்லை.

30 செப்டம்பர்
வேம்புலி வந்தார். பைக் திரும்பி வந்துவிட்டது. மறுபடி எழுத வேண்டும்.

இந்த முறை மூன்றே வரி. தாளில் உள்ளபடி அனுப்பவும் என்று. அவர் பார்க்க, அதே தாளை மடித்துக் கவருக்குள் வைத்தேன். பசையை எடுக்கப் போனேன்.

“இரு. நான் ஒட்டிக்கிறேன்.”

கவரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, தாள் உள்ளே தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு பசை தடவி அழுத்தினார். மூடியின் மேல் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. தபாலாபீசுக்கும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.