ஓல்ட் சாரம், மாட்டுங்கா

நேற்று மாலை நம் கட்டடத்துச் சொசைட்டியின் பொதுக்குழு, வாதுமை மரத்தடி பெஞ்சுக்குப் பச்சை வண்ணம் பூசுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பச்சையா பழுப்பா என்று நெடுநேரம் விவாதம் நடந்தது. இரு தரப்பிலும் ஆழமான கருத்துகள் வெளிப்பட்டன. இன்று காலையே பெயிண்டர் வந்துவிட்டார். வாடை மூன்றாம் மாடிவரை ஏறிவர, ஜன்னலைச் சாத்தப் போனவன் உட்கார்ந்து உமக்கு இதை எழுதுகிறேன். அது நீர் உட்கார்ந்த பெஞ்சு, ஓய்.

ஓல்ட் சாரத்தை எனக்கு அங்கேதான் அறிமுகப்படுத்தினீர். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய, அட்டை போன இங்கிலாந்துத் தேர்தல் வரலாற்றை ஆபீஸ் போகும் ரயிலில் நின்றபடியே படித்து முடித்தவர் நீர்.

"அது ஒரு மேடாக்கும். ஊர் காலியாகிப் பல நூறு வருஷம் ஆச்சு. ஆடு மேயறது. ஆனா பார்லிமெண்டுக்கு ரெண்டு மெம்பர்!"

"ஆடு ஓட்டுப் போடுமோ?"

"போட்டாத் தேவலையே ஓய். அதுக்கு அங்க இருக்கற பாத்யதையாவது உண்டு."

நிலம் முழுதும் ஒரே குடும்பத்தின் கையில். தேர்தல் வந்தால், வேண்டியவர்கள் சிலர் பெயருக்குத் துண்டு துண்டாக எழுதிக்கொடுப்பார்கள். அவர்கள் வந்து, ஒரு மரத்தடியில் வாக்களித்து, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 1832இல்தான் அந்தத் தொகுதியை ஒழித்தார்கள்.

நான் சிரித்தேன். நீர் சிரிக்காமல் நம் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தீர். விலைக்கு வந்த வீடுகளையெல்லாம் ஒரு பில்டர் வாங்கி, தம்பி, மாமனார், மைத்துனி என்று ஆளுக்கொன்றாக எழுதிவைத்துப் பூட்டியிருந்தார். யாரும் குடிவரவில்லை. பொதுக்குழு அன்று மட்டும் காரில் வந்து இறங்கினார்கள். கட்டடத்தை இடிக்க அவருக்குப் பெரும்பான்மை வேண்டும். சயானில் அவர் முன்பு இடித்த கட்டடத்துக்காரர்கள் இன்றும் எங்கோ தொலைவில் கல்யாணில் வாடகைக்கு இருக்கிறார்கள். சயானில் பள்ளம் இருக்கிறது.

ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டீர்: "சேர்மன் சாப், தாலா ஹாத் உட்டாதா ஹை க்யா?" பூட்டு கை தூக்குமா என்ற அந்தக் கேள்விக்கு, "பைட்டோ நா அங்கிள், சமோசா டண்டா ஹோ ரஹா ஹை," என்பார் சேர்மன். சமோசா ஆறிவிடக்கூடாது என்பதில் மட்டும் நம் சொசைட்டியில் கட்சிபேதம் இருந்ததில்லை.

"வீட்டைக் காலி பண்ணிண்டு நடந்து இறங்கமாட்டேன். நாலு பேர் தூக்கிண்டு இறங்கட்டும்," என்பீர். உமக்கு அது வாய்த்தது. இரண்டாம் மாடித் திருப்பம் குறுகல். உம் கனம் முழுதும் என் தோளுக்கு வந்தது. எனக்கும் அதே ஆசைதான். வேறு பெரிய திட்டங்கள் இல்லை.

உம் பிள்ளை கனடாவிலிருந்து வந்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அவனுக்கு லீவு இல்லை. எனக்கு எதிரே இருந்த உம் வீட்டை அதிக விலை சொன்னவருக்குக் கொடுத்துவிட்டு, உம் புத்தகத்தை என்னிடம் தந்து போனான். அந்த மேடு வரும் பக்கத்தில் உம் பழைய ரயில் பாஸ் இருக்கிறது. நான் அதை எடுக்கவில்லை.

நேற்று பெஞ்சு முடிந்ததும் அடுத்த பொருள், கட்டடத்தை பில்டரிடம் ஒப்படைப்பது. நேரமாகிவிட்டதால் விவாதம் வேண்டாம் என்றார் சேர்மன். நான் எழுந்து உம் கேள்வியைக் கேட்டேன்.

"அரே, ஆப் பீ, அங்கிள்?" என்றார் சேர்மன், நீங்களுமா என்று. எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் பில்டரின் சம்பந்தி அம்மாள், நாசிக்கிலிருந்து வந்திருந்தார். தம் வீடு எந்த மாடி என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"தீஸ்ரா மாலா," என்று மூன்றாம் மாடியைச் சொன்னேன். "என் எதிர் வீடு."

நன்றி சொல்லிவிட்டுக் கை தூக்கினார். அந்தக் கையோடு பெரும்பான்மை சேர்ந்தது. தீபாவளிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும்.