லூர்து காணவில்லை என்று திரையில் வந்த நாள்

அக்கா,

ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தால் முதலில் நீங்கள்தான் வருகிறீர்கள். ஆஸ்பத்திரி நெடி என்று மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் நாம் வேலை பார்த்த தகரக் கொட்டகையின் வாசனை. இன்று காலையும் அங்கேதான் உட்கார்ந்து கண்ணாடி இழையின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த துணியை மடித்து அதே முனையில் மறுபடி வைக்கப் போனபோது கை தானாக நின்றது. "துடைச்ச துணிலயே மறுக்காத் துடைச்சா அழுக்கை எடம் மாத்தறீங்கன்னு அர்த்தமுங் தம்பி." நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. கை இன்னும் நீங்கள் சொன்னால்தான் கேட்கிறது.

நீங்கள் என்னைவிட வயதில் மூத்தவர், வேலையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி வந்து இறங்கிய முதல் நாளே என்னை "வாங்க, போங்க" என்றீர்கள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து "வாடா, போடா" கேட்டு வளர்ந்தவனுக்கு அது கிண்டலாகப் பட்டது. உங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். "மரியாதை குடுத்தா வாங்கிக்கோணுமுங் தம்பி, திருப்பிக் குடுக்கக் கூடாது" என்றீர்கள். மாம்பழக் காலத்தில் முதலமடைப் பழங்களைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவீர்கள். அந்த நாட்களில் கொட்டகையில் ஸ்பிரிட்டும் மாம்பழமும் சேர்ந்து மணக்கும்.

மண்சரிவை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் நம் வேலையை வீட்டில் விளக்கிச் சொல்ல எனக்கு வராது. உங்களுக்கு வந்தது. சரிவுக்குள் புதைத்திருக்கும் முடிபோன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்புகிறோம். வழியில் இருக்கும் ஒவ்வொரு சென்சாரும் தனக்குரிய ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். மண் அசைந்து இழையை இழுத்தால் அந்த நிறம் கொஞ்சம் நகரும். எங்கள் மாதா கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டு இதை எவ்வளவு எளிதாகச் சொன்னீர்கள். அவரவருக்கு வழக்கமான பெஞ்சு இருக்கிறது, அந்த பெஞ்சைப் பார்த்துத்தான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று உபதேசியார் கணக்கு வைக்கிறார், நம்ம சாஃப்ட்வேரும் அப்படித்தான் என்றீர்கள். என் லூர்து சித்திக்கே அது புரிந்தது.

பெயர் வைத்ததும் நீங்கள்தான். நீங்கள் வரும்வரை திரையில் எஸ் ஒன்று, எஸ் இரண்டு என்றுதான் இருந்தன. "இதுக்கு நேர் கீழ எந்த ஊடுங்க?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டீர்கள். எனக்குத் தெரியாதவற்றுக்கு நீங்களே லயத்துக்கு இறங்கிப் போய்க் கதவு கதவாக விசாரித்துவிட்டு, காலில் அட்டைக்கடியோடு திரும்பி வந்தீர்கள். மறுநாள் திரையில் அந்தோணியம்மா, மாரியக்கா, லூர்து என்று வரிசையாகப் பெயர்கள். சென்சாருக்குக் காதும் குத்திவிடலாமே என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. கீழே குடியிருப்பவர் யாரோ அவர் பெயர்தான் வைக்க வேண்டும், வேறு எந்தப் பெயரும் கூடாது என்று விதியும் போட்டீர்கள். அதன் பிறகு லயத்தில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "எம் பேரு தெரியுதாப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மாரியக்கா சென்சார் வெயில் அடிக்கும் நாட்களில் மட்டும் துள்ளியது நினைவிருக்கிறதா? இழையை மாற்றினோம், ஒளியை அனுப்பும் பெட்டியை மாற்றினோம், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் போய்ப் பார்த்தால், இழையைத் தாங்க நாம் நட்ட கம்பத்தில் மாரியக்கா துணிக்கொடி கட்டியிருந்தார். ஈரக் கம்பளி தொங்கும் நேரமெல்லாம் கம்பம் சாய்ந்து இழையை இழுத்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த சென்சார் கோளாறு செய்தாலும் "கொடியாகத்தான் இருக்கும்" என்பது நம் ஆபீஸ் முழுக்கப் பழகிப்போன பேச்சாகிவிட்டது.

அதனால்தான் அந்த மழை நாளில் "லூர்து: காணவில்லை" என்று சிவப்பில் வந்தபோது யாரும் பதறவில்லை. அஞ்சு நாளாக விடாத மழை. நான் வழக்கமான வரிசையில் ஆரம்பித்தேன். முனையைத் துடைத்தேன். இணைப்பு வயரை மாற்றினேன். பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டேன். மற்ற எல்லாப் பெயர்களும் பச்சையில் இருந்தன, லூர்து மட்டும் இல்லை. ஆபீஸிலிருந்து சார் போனில் வந்தார். ஒரு சென்சார்தானே போயிருக்கிறது, அதைத் திரையில் மறைத்துவிடுங்கள், சிவப்பு போய்விடும், மழை விட்டதும் புதிதாக மாற்றலாம் என்றார். மழைக்காலத்தில் எல்லா இடத்திலும் செய்வதுதான் அது. எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

நீங்கள் போனை வாங்கி, "பேரு வெச்ச ஆளை எப்படிங் சார் மறைக்கறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "காணோம்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமாங் தம்பி? நம்ம தேடற எடத்துல இல்லைன்னுதானுங் அர்த்தம்" என்றீர்கள். பெயர்ப் பட்டியலை மூடிவிட்டு, இழையிலிருந்து திரும்பி வரும் ஒளியை அப்படியே காட்டும் பக்கத்தைத் திறந்தீர்கள். ஒவ்வொரு சென்சாரின் ஒளியும் ஒரு கூராக எழுந்து அதனதன் இடத்தில் நின்றது. லூர்துவின் இடம் காலி. வலது பக்கம், யாருக்கும் ஒதுக்காத தூரத்தில், ஒன்று மட்டும் தனியாக நின்றது. அழுக்கும் இல்லை, முறிவும் இல்லை. தன் பெஞ்சை விட்டு அவ்வளவு தூரம் இழுத்துப் போகப்பட்டிருந்தது. அதனால்தான் சாஃப்ட்வேர் அதை ஆளே வரவில்லை என்று எழுதிவிட்டது.

"கொடியா இருக்குமோக்கா" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

"இந்த மழைல எவளுங் துணி காயப்போடுவா?" என்றீர்கள். உங்கள் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கூர் இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போனது.

லயத்துக்கு ஓடினோம். சித்தி அடுப்பில் மரவள்ளிக் கப்பை வேகவைத்துக்கொண்டிருந்தாள். "பேரு காணலன்னா கரண்டு போயிருக்கும்ப்பா, மழைக்கு எப்பவும் நடக்குறதுதான்" என்று அசையாமல் இருந்தாள். நீங்கள் அடுப்புக்கு முன்னால் போய்க் குந்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரு காணாமப் போகலைங்ம்மா, நகந்துட்டு இருக்குது. வாங்க, நாமளும் நகந்துக்கலாம்" என்றீர்கள். அதற்குத்தான் எழுந்தாள். ஜெபமாலையையும் இரண்டு கோழிகளையும் எடுத்துக்கொண்டாள், கப்பையை விட்டுவிட்டாள். அந்த வரிசையில் இருந்த எல்லோரும் கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பொழுது சாயும் முன்பே சரிவு உட்கார்ந்தது. சித்தியின் சமையலறை இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் வேரோடு நின்றன. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

என் சித்தியைக் காப்பாற்றியவர் நீங்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். நன்றி என்று நான் சொன்னதில்லை, சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றியிருப்பீர்கள்.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா, அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அடுத்த வருஷமே நீங்கள் இளைக்க ஆரம்பித்தீர்கள். வாட்ச் வாரை உள் ஓட்டைக்கு மாற்றினீர்கள். மதியச் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளினீர்கள். கேட்டால் "ஒண்ணுமில்லைங் தம்பி, வயித்துப் பொருமல்" என்று ஒரு மாத்திரையைச் சப்புவீர்கள். டாக்டரிடம் போகச் சொன்னால், மழை முடியட்டும் என்பீர்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டிலில் உங்களைப் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "எனக்கு ஆறு மாசம் முன்னயே சந்தேகம்தானுங். சாரு சொன்னாப்டி சிவப்பை மறைச்சு வெச்சுட்டனுங் தம்பி." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தீர்கள். ஊரார் சரிவையெல்லாம் அப்படித் திறந்து பார்த்தவர் உங்களுடையதை மட்டும் ஏன் மூடி வைத்தீர்கள்? பயமா? லீவு கேட்கக் கூச்சமா? அன்றைக்கே கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பீர்களோ என்னவோ.

இன்று காலை திரையில் லூர்து மறுபடி காணவில்லை. சித்திக்கு இப்போது எதிர்ப்பக்கச் சரிவின் கீழே வீடு, பெயரும் அவளோடு அங்கே மாறிப் போயிருக்கிறது. புதுத் துணியால் துடைத்தேன், உடனே பச்சையாகிவிட்டது. வெறும் ஈரம். ஆனாலும் ஒளியை அப்படியே காட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து, எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன். பட்டியலில் பெயரில்லாமல் ஒரு இடம் இருந்தது, புதிய சென்சாருக்கு ஒதுக்கியது. உங்கள் பெயரைப் போட விரல் போனது. கீழே குடியிருப்பவர் பெயர்தான் என்ற உங்கள் விதி ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

இறங்கி வந்தபோது சித்தி வாசலில் நின்றாள்.

"எம் பேரு தெரியுதாப்பா?"

"தெரியுது சித்தி."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்தது. வழக்கமான இருமல் இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்து, அந்த இடத்தைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா, பனிக்கு வர்றதுதான். உக்காரு, டீ போடுறேன்."

நான் உட்காரவில்லை. கையை விரிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். விரிக்கும்வரை நின்றேன், முந்தானையில் சிவப்பு. அப்புறம் அடுப்பை நானே அணைத்து, அவள் சால்வையை எடுத்து வந்து, ஜீப்பின் கதவைத் திறந்து வைத்தேன். ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம், துவைக்க வேண்டிய துணி கிடக்கிறது, கோழிக்குத் தீனி வைக்கவில்லை என்று படிக்குப் படி சண்டை போட்டாள்.

"யாருடா உனக்கு இந்தப் பிடிவாதத்தச் சொல்லிக் குடுத்தா?" என்றாள் ஏறும்போது.

உங்கள் பெயரைச் சொன்னேன். மலை இறங்கும்வரை அவள் கை கதவுப் பக்கம் போகவில்லை.