அழுதவனுக்கு முழு மார்க்

மாமா,

மலைக்குக் கீழே மெடிக்கல் காலேஜில் கூப்பிட்டார்கள் என்று போய், நம் பெரியவன் செத்ததைச் சொல்லி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தேனே, அப்போது ஒருவன் தேம்பி அழுதான். நோயாளி வீட்டாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று வைத்த பரீட்சையில் என்னையும் மார்க் போடச் சொன்னார்கள். அவனுக்கு முழுசாகப் போட்டேன்.

இப்போது அவன்தான் நம் மலை ஆஸ்பத்திரியில் டாக்டர். நேற்று பஸ் வராததால், காய்ச்சலில் துவண்ட சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே நடந்தே போனேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “இவ்ளோ நேரம் வூட்ல இன்னாம்மா பண்ணிட்டு இருந்த?” என்றான்.

பெரியவனைத் தூக்கிப் போனபோதும் இதையேதான் கேட்டார்கள். இதை எந்தத் தாயிடமும் கேட்காதீர்கள் என்பதுதான் நான் எடுத்த பாடமே.

சின்னவளுக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது. எஸ்டேட்டில் சொல்லிவிட்டு உடனே கிளம்பி வாருங்கள்.

காலேஜில் இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போகப்போவதில்லை. அழுகிறவர்களைப் பார்த்தால் இப்போது பயமாக இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளின் அம்மா