சென்னைக்காரருக்கு ஒரு சாப்பாடு

4 பெப். 2006, சனி
குளிர் −11. கார் கிளம்ப மறுத்தது. நாடுகளுக்கிடையிலான தமிழ்ப் பாட்டுப் போட்டிக்கு நோர்வேயிலிருந்து ஒரே ஒரு பாட்டு. வந்தவை ஆறு. சீடியில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். மகள் அபியுடையது இல. 3. சொல்லும் மெட்டும் அவளே. இரண்டு வருட உழைப்பு.
பெயரை மறைத்து என்ன பயன்? ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருமினாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். நடுவர் மூவர்: தமிழ்ச் சங்கச் செயலாளர் தவம், நடன ரீச்சர், இங்கே ஒருவரையும் தெரியாத ஒரு சென்னைக்காரர். தவத்தின் பெறாமகளும், தம்பியின் மகள், பாடியிருக்கிறாள். கவனம்.

5 பெப்., ஞாயிறு
தவம் இருக்கும் ஹொல்ம்லியாப் பக்கம் போனேன். அவர் வீட்டு வாசலில் சென்னைக்காரரின் சிவப்புக் கார்! முக்கால் மணி நேரம் மறைந்து நின்றேன். கால் விறைத்துவிட்டது. மனிதர் பையோடு வெளியே வந்தார். கட்டாயம் சாப்பாடுதான்.
மனைவி ரதி: "உங்களுக்கு எல்லாரும் கள்ளர்."

9 பெப்., வியாழன்
அபி எட்டு மணி வரை வேலை. சென்னைக்காரரைச் சாப்பிட அழைத்தேன். புட்டு, நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி.
"காரம் ஜாஸ்தி சார், ஆனா சூப்பர்."
பாட்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அபி மேடையில் பாடும் படத்தை மட்டும், கீழே அவள் பாட்டின் முதல் வரியோடு, அவர் கண்ணுக்கு நேரே மாட்டியிருந்தேன். இதில் என்ன பிழை? தவம் செய்ததற்குச் சரிக்குச் சரி.

11 பெப்., சனி
அபி படத்தைக் கண்டாள். "இது ஏன் இஞ்சை?" ரதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"அவர் தவம் மாமா வீட்டை சீடியள் எடுக்கப் போனவர், அப்பா. இனி நான் வெண்டாலும் ஆர் நம்புவினம்? நானே நம்பமாட்டன்."
உடனே தவத்துக்குப் போன் எடுத்து விலகிவிட்டாள். எனக்கு வெட்கம். கோபமும்தான், யார்மேல் என்று தெரியவில்லை.

12 பெப்., ஞாயிறு
பனி கொட்டுகிறது. அபி அறைக்கதவு பூட்டியபடி. பகல் தவத்தின் போன்.
"அண்ணை, பிள்ளை ஏன் விலகினவ எண்டு சொல்லேல்லை. ரெண்டாவதா வந்த பாட்டை அனுப்பிப்போட்டம். என்ரை பெறாமகள் கடைசி, அதை விடுங்கோ. ஆனா ஒண்டு சொல்லவேணும். புதன்கிழமையே மூண்டு பேரும் புள்ளி போட்டுக் கவரிலை ஒட்டிக் குடுத்திட்டம். இண்டைக்குத்தான் உடைச்சுப் பாத்தது. மூண்டு பேரும் முதலாவதாப் போட்டது உங்கடை அபியைத்தான்."