விளிம்பில் ஒரு புள்ளி

பிப்ரவரி 19, வியாழன்

டியூஷன் முடித்து வந்தால் வாசலில் ஜென்சி. என் கணவர் ஆபேலின் தங்கை, எங்கள் சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், தொடங்கிவிட்டன, தினம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். என் வீட்டுக்கு எந்த நாள் என்று கேட்க வந்திருக்கிறாள்.

"மார்ச் மூணு, செவ்வாய் போட்டுக்கோ. அன்னிக்கு டியூஷன் இல்ல" என்றேன்.

"இந்த வாட்டியாவது சாட்சி சொல்லுங்க அண்ணி. அண்ணன் போனதுலேர்ந்து நீங்க வாயே தொறக்கல. எல்லாரும் கேக்கறாங்க."

சாட்சி! கூட்டத்தின் நடுவில் எழுந்து, கர்த்தர் எனக்கு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். என்ன செய்தார்? ஆபேலுக்கு மாரடைப்பு வந்த அன்று ஆஸ்பத்திரித் தரையில் முழங்கால் போட்டுக் கதறினேனே, அதற்கு என்ன பதில் வந்தது? இதைச் சொல்லலாமா?

பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். எத்தனை நாளைக்கு இந்தப் பொய்? ஜெபக்கூட்டம் முடியட்டும், ஆயரிடம் சொல்லி விலகிவிடலாம். ஞானஸ்நானம், கல்யாணம், ஆபேலின் அடக்க ஆராதனை, எல்லாம் அந்த ஒரு கட்டடத்தில்தான். விலகினால் எனக்கு யார் இருக்கிறார்கள்? தெரியவில்லை.

பிப்ரவரி 25, புதன்

வானவியல் மன்றத்தையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஹெச்.எம். உத்தரவு. இயற்பியல் டீச்சர் என்றால் இளிச்சவாயா? முழுச் சந்திர கிரகணம் வருகிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்கிறார். என் வீட்டு மொட்டை மாடிக்கு வரச் சொல்லிவிட்டேன். தலைவலி.

பிப்ரவரி 26, வியாழன்

ஒன்பதாம் வகுப்பில் கிரகணப் படம் போட்டேன். சூரியன், நடுவில் பூமி, பூமியின் நிழலுக்குள் நிலா. வருஷா வருஷம் போடுகிற படம்தான். இன்றைக்கு என்னவோ, இதில் தாம்பரம் எங்கே என்று ஒரு புள்ளி வைக்கத் தோன்றியது.

அன்றைக்கு இங்கே சூரியன் மறைகிற நேரம்தான் நிலா உதிக்கிறது. அப்படியானால் புள்ளி பூமியின் விளிம்பில் வர வேண்டும், சரியாக நிழல் தொடங்குகிற கோட்டில். வைத்தேன். கை நின்றுவிட்டது. நிலாவின் மேல் விழப்போகிற அந்த நிழலின் ஓரம் நாங்களா? நானா?

உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு காலத்தில் ஜெபத்தில் வருமே, அதே சிலிர்ப்பு. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று போர்டுப் பக்கமே திரும்பி நின்றேன். மணி அடித்ததும் அழிக்க மனசு வரவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

ஐயோ ஆண்டவரே! கிரகணமும் செவ்வாய், ஜெபக்கூட்டமும் செவ்வாய். அதுவும் ஒரே நேரம். இவ்வளவு நாள் எனக்கு உறைக்கவே இல்லை. மாற்றச் சொன்னால் ஜென்சி நம்புவாளா? சாட்சிக்குப் பயந்து ஓடுகிறேன் என்பாள். என்னமோ ஆகட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. "கிரகண நேரத்துல வெளிய அனுப்ப மாட்டோம் மிஸ்" என்று வீட்டுக்கு வீடு போன். இரவல் வாங்கிய பைனாகுலரோடு மாடியில் தனியாக நின்றேன். கிழக்கே புழுதி, நிலாவைக் காணோம். நேரம் போனதே தெரியவில்லை. கீழே வீட்டைப் பூட்டியிருக்கிறேன், ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள் என்பதும் மறந்துவிட்டது.

மூச்சு வாங்க ஜென்சி ஏறி வந்தாள். "இன்னா அண்ணி இது? வூட்டப் பூட்டிட்டு இங்க நின்னுகினு கீறீங்க! ஆயர் தெருவுல நிக்கறாரு!" கோபம் வந்தால்தான் அவளுக்கு அந்தப் பேச்சு வரும்.

நான் பதில் சொல்வதற்குள் மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு மேலே நிலா தெரிந்தது. முழு மறைப்பு நிலா உதிக்கும் முன்பே முடிந்துவிட்டது, ஒரு பக்கத்தில்தான் இன்னும் நிழல். ஜென்சியும் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து எல்லோரையும் மேலே கூப்பிட்டாள்.

"இங்கயே ஜெபிப்போம்" என்றார் ஆயர். பாட்டு, வேதவாசிப்பு. அப்புறம், "யாராவது சாட்சி?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஆறுதல் கிடைக்கல" என்றேன். "கிடைச்சதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த நிழலப் பாருங்க. அது பூமியோட நிழல். நிலா உதிச்சப்ப அந்த நிழலோட ஓரத்துல நம்ம ஊருதான் இருந்துச்சு. இந்த மாடி, நீங்க, நானு, ஆபேல் படுத்திருக்கிற கல்லறைத் தோட்டம், எல்லாமே. உள்ள மங்கலா ஒரு சிவப்பு தெரியுது பாருங்க, அது உலகத்துல அந்த நேரம் சூரியன் மறையற, உதிக்கிற ஊருங்களோட வெளிச்சம். நம்ம சாயங்காலமும் அதுல கலந்திருந்துச்சு. என் வீட்டுக்காரரை எங்க தேடறதுன்னே தெரியாம இருந்தேன். அவரும் நானும் ஒரே நிழல்லதான் இருக்கோம். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஜென்சி பைனாகுலரை வாங்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் தரவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். டீ போடக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவள்தான் போட்டாள்.

மார்ச் 4, புதன்

"அவங்க சாட்சியில கர்த்தர் பேரே வரலியே" என்று ஒரு அம்மா ஆயரிடம் குறைப்பட்டாராம். உண்மைதானே. ஆனாலும் வலிக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பாட்டுக்கு வாயை அசைக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஜென்சி என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து ஆயரிடம் போனேன். நான் தொடங்குவதற்குள் அவரே, "டீச்சர், அடுத்த முழு கிரகணம் நம்ம ஊர்ல எப்பத் தெரியும்?" என்றார்.

"2028 டிசம்பர் முப்பத்தொண்ணு, ஐயா. ராத்திரி."

"வருஷக் கடைசியா! அப்ப புது வருஷ ஆராதனைக்கு முன்னாடி சபையை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். நீங்கதான் காட்டணும். இருப்பீங்கல்ல?"

விலகுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். "இருப்பேன், ஐயா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.