பின் கேட்டுக்கு அப்பால் பதினோரு பறவைகள்

ஜூன் 9, திங்கள்

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து புதிதாக ஒரு படிவம். கம்பெனியைச் சுற்றியுள்ள நிலத்தில் வாழும் பறவைகளைப் பட்டியலிட வேண்டுமாம். பனியனுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்? வேலம்பாளையத்தில் ஒன்பது வருடமாகக் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன். ஆடிட் அன்று மட்டும் செக்கிங் பெண்களுக்கு மாஸ்க் மாட்டி, மணல் வாளிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, "ஓவர்டைம் இல்லீங்க" என்று சொல்லப் பழக்குவதுதான் என் உத்தியோகம். நெட்டிலிருந்து இருபது பெயரை எடுத்து ஒட்டினேன். மேனேஜர் மாதவன் சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் எதைத்தான் படித்தார்?

ஜூன் 13, வெள்ளி

பட்டியல் திரும்பி வந்துவிட்டது. அதில் ஆறு பறவைகள் இந்தியாவிலேயே கிடையாதாம். முதல் பெயரே சிவப்பு நெஞ்சு ராபின். நேரில் போய்ப் பார்த்து எழுதவும் என்று மரியாதையாகத் திட்டியிருக்கிறார்கள். 27ஆம் தேதி ஆடிட்.

"ஏனுங்க தேவிப்பிரியா, காக்கா, குருவின்னு போட்டா ஆகாதுங்களா?" என்கிறார் மாதவன் சார். இவருக்கு என்னைப்போல இரண்டு மடங்கு சம்பளம்.

ஜூன் 14, சனி

கம்பெனிக்குப் பின்னால் முதலாளியின் நாலு ஏக்கர் மேய்ச்சல் காடு கிடக்கிறது. பின் கேட்டைத் திறந்து போனேன். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். பார்த்தது: பழுப்பாக ஒன்று, பழுப்பாக இன்னொன்று, கொஞ்சம் பெரிய பழுப்பு. ஆள்காட்டிக் குருவி மட்டும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது, நான் என்னவோ திருட வந்தவள் போல. "போ சனியனே" என்று நானும் கத்தினேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் சின்னத்தாய். செக்கிங்கில் துணிக் குறை பார்ப்பவள், விருதுநகர்ப் பக்கம். பின் சுவர் நிழலில்தான் சாப்பிடுவாளாம். இன்று நான் புல்லுக்குள் நடக்கும்போது எழுந்து வந்து தடுத்தாள்.

"மேடம், கால அங்கன வைக்காதீக. முட்டை கெடக்கு."

குனிந்து பார்த்தேன். மண். மறுபடி பார்த்தேன். மண்தான். அவள் விரலை நீட்டிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. புல் தூரடியில் ஒரு சின்னக் குழி, விளிம்பில் பொடிக்கல், உள்ளே மூன்று முட்டை. வெள்ளைத் துணியில் டீ தெறித்தது போலப் புள்ளிகள்.

"மரம் இருக்கையில தரையில முட்டை வெக்கிற புத்தியப் பாரு" என்றேன்.

"புல்லுதான் மேடம் அதுக்கு வீடு. மரத்துல ஏறச் சொன்னா அது எங்கிட்டுப் போகும்?"

ஒரு தையல் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற கண் என்று எனக்குப் பெருமை வேறு.

ஜூன் 20, வெள்ளி

சாம்பல்தலை வானம்பாடி. போனில் தேடிப் பிடித்தேன். ஆணுக்கு வயிறு கறுப்பு. விறுவிறுவென்று மேலே ஏறுகிறது, இறக்கையை மடக்கிக்கொண்டு விழுகிறது, தரையில் மோதப்போகிற நேரத்தில் சீட்டியடித்து மறுபடி ஏறுகிறது. பெண் முட்டைமேல் உட்கார்ந்துகொண்டு வேறு பக்கம் பார்க்கிறது. என் வீட்டுக்காரர் பைக் ஓட்டுவதும் இப்படித்தான், நான் பார்ப்பதும் இப்படித்தான்.

கௌதாரி, நெட்டைக்காலி, பனங்காடை. எல்லாப் பழுப்பும் ஒரே பழுப்பு இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

ஜூன் 25, புதன்

குஞ்சு பொரித்துவிட்டது! மூன்றும். உடம்பெல்லாம் வாய். தாயும் தகப்பனும் மாற்றி மாற்றிப் பூச்சி கொண்டுவருகின்றன.

பட்டியல் முடிந்தது. பதினொன்று. ஒன்பது வருடத்தில் நான் தயாரித்த தாள்களில் பொய்யில்லாத தாள் இது ஒன்றுதான்.

"பதினொண்ணு கம்மியா இருக்குதுங்களே, இருபதாப் போட்டுருங்க" என்றார் மாதவன் சார். போடவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஆடிட்டுக்கு முந்தின நாள் கூத்து. காலையில் இருபத்து நாலு தாளில் கையெழுத்து. மதியம் முழுக்கப் பெண்களுக்குப் பதில் சொல்லப் பழக்கினேன். கிளிப்பிள்ளைகள் கூட இதைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பின்னால் ஏதோ இரைச்சல், ஜெனரேட்டர் போல. தலை வலிக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

காடு இல்லை.

புல் ஒரு தூர் கூட இல்லை. சிவப்பு மண், அதில் ஜேசிபி பல் தடம். கூடு எங்கே இருந்தது என்று கூடத் தெரியவில்லை.

எவஞ் சொன்னான்? எவனுக்கு இந்த அறிவு வந்துச்சு? — இப்படியேதான் கத்தினேன், செக்யூரிட்டி முன்னால்.

கிளீனிங் பார்க்கும் சுப்பண்ணன் பயந்துபோய்த் தாளைக் கொண்டுவந்தார். "நீங்கதானுங்க மேடம் கையெழுத்துப் போட்டீங்க. இந்தத் தடவ பின்னாடியும் பாக்க வருவாங்கன்னாங்க. அதான் அதையும் சுத்தம் பண்ணிட்டமுங்க."

பதினேழாவது தாள். வளாகம் முழுவதும் புல், புதர் அகற்றுதல். கீழே என் கையெழுத்து, அழகாக, சுழித்து. மாதவன் சார் படிக்காதவர் என்று நான்தானே எழுதினேன்?

பெண் வானம்பாடி வாயில் பூச்சியோடு வெறும் மண்ணில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். இடம் சுத்தமாக இருக்கிறது என்றார். பறவைப் பகுதிக்கு முழு மதிப்பெண். என் ஒரே உண்மையையும் நானே பொய்யாக்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, பாத்ரூமில் போய் அழுதேன்.

வெளியே வந்தபோது சின்னத்தாய் நின்றிருந்தாள். "சாப்பிட்டீகளா மேடம்?" என்றாள், அவ்வளவுதான்.

ஜூலை 8, செவ்வாய்

சர்ட்டிபிகேட் வந்து, ரிசப்ஷனில் மாட்டியாகிவிட்டது. மூலையில் ஒரு பறவைப் படம். சிவப்பு நெஞ்சு ராபின்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கிளீனிங் தாள்கள் மறுபடி வந்தன. இருபத்து நாலையும் படித்தேன். பதினேழாவதில் 'முழுவதும்' என்பதை அடித்து, 'பின் காடு நீங்கலாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாதவன் சார் கூப்பிட்டார். "ஏனுங்க, புல்ல விட்டா அசிங்கமா இருக்காதுங்களா?"

"பதினோரு பறவைன்னு எழுதிக் குடுத்திருக்கறமுங்க சார். மறுக்கா வந்து எண்ணிப் பாத்தாங்கன்னா?"

மனிதருக்கு வியர்த்துவிட்டது. "அப்ப யாரும் தொட வேண்டாமுங்க. பூட்டி வைங்க."

உண்மை என்று சொல்லியிருந்தால் ஒரு புல்லைக்கூட விட்டிருக்கமாட்டார். பொய் மாட்டிக்கொள்ளும் என்றதும் நாலு ஏக்கரையும் விடுகிறார். இருக்கட்டும். சாவி இப்போது என் பையில்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். போன வார மழைக்கு நாலு விரல் உயரம் வளர்ந்திருக்கிறது. வானம்பாடி வரவில்லை. ஆள்காட்டி வந்து, திருடியைப் பார்த்தது போல, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அது கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு வந்தேன்.